கோயில் இல்லாத ஊர்

“கோயிலே இல்லாத ஊரா?” என்று அந்த அம்மாள் கேட்டபோதுதான் நான் பேப்பரை மடித்தேன். திருப்பனந்தாளில் நான் ஏறிய பஸ். முன் சீட்டில் அவரும், கையில் பைபிளோடு ஓர் உபதேசியாரும். அந்த அம்மாள் கோயில் நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு, பட்டா கேட்டுத் தாலுகா ஆபீஸுக்கு அலைகிறவர் என்பது அதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்திருந்தது.

“ஆமாம்மா. பரலோகத்துலேர்ந்து இறங்கி வரப்போற எருசலேம். தெருவெல்லாம் தங்கம். தேவதூதர் பொன்கோலால அளந்தே காட்டியிருக்கார்.”

“அளக்குறதுக்கு இங்கயும்தாங்க வர்றாங்க. ஒவ்வொரு தடவையும் கோழி அடிச்சுப் போடுறோம்.”

“அங்க வாசக்கதவைப் பூட்டவே மாட்டாங்க.”

“எப்பங்க வரும்?”

“சீக்கிரம்.”

“எலெக்‌ஷனுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கோவிச்சுக்காதீங்க. ரெண்டு கட்சிக்காரங்களும் மாறி மாறி வந்து சீக்கிரம்னுதான் சொன்னாங்க. சரி, கோயில் இல்லேன்னா கோயில் நிலமும் இருக்காதுல்ல? அப்ப எனக்கு ஒரு மனை கெடைக்குமா? அதைச் சொல்லுங்க, நான் வர்றேன்.”

“அங்க கோயில் எதுக்கும்மா? ஆண்டவரே கோயிலா இருக்கார். ஊர் முழுக்க அவரோடதுதான்.”

அந்த அம்மாள் மடியிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“இங்கயும் இடம் பூரா சாமி பேர்லதாங்க இருக்கு. அங்க வந்தாலும் நாங்க ஆக்கிரமிப்புதான்.”