சூடு ஆறாத துண்டுகள்

துண்டைச் சூடாக இருக்கும்போதே மடித்தால் மடிப்பு அழகாக விழும். ஆனாலும் எங்கள் சலவைக்கூடத்தில் யாரும் அப்படி மடிக்க மாட்டோம். மசாஜ் பார்லர்களிலிருந்து வரும் துண்டுகளை என்ன துவைத்தாலும் எண்ணெய் முழுக்கப் போகாது. உலர்த்தும் மெஷினைச் சூடில்லாமல் கொஞ்ச நேரம் சுழலவிட்டு, துண்டுகள் ஆறிய பிறகுதான் எடுத்து அடுக்க வேண்டும். ஆறாமல் அடுக்கினால் அடுக்கின் நடுவில் சூடு ஏறிக்கொண்டே போகும். தீக்குச்சியே வேண்டாம், சில மணி நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை எனக்குச் சொன்னவர் இஸ்திரி அக்கா.

நீங்கள் மரியாதையாகக் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். நானும் ஒழுங்காகவே சொல்லிவிடுகிறேன்.

நானும் என் மனைவியும் பிரிந்து வாழ்கிறோம். மகள் அவளோடு இருக்கிறாள். மகளின் செலவுக்கென்று கோர்ட் ஒரு தொகை நிர்ணயித்தது. அது என் கைக்கே வராமல் சம்பளத்திலிருந்து நேராக அவளுக்குப் போய்விடும். பெற்ற பெண்ணுக்குக் கொடுப்பதில் எனக்கென்ன வலிக்கிறது? அந்தப் பணத்தை நம்பித்தான் அவள் தனி வீடு எடுத்து நிம்மதியாக இருக்கிறாள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். பணம் குறைந்தால் வாடகை கட்ட முடியாது. கட்ட முடியாவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடமே திரும்பி வருவாள். இப்படி நினைத்துக்கொண்டு அதற்குப் பாசம் என்று பேர் வைத்திருந்தேன்.

வேலையை விட்டுவிட்டால் தொகை குறையுமா என்று வக்கீலிடம் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களா விட்டா கோர்ட்டு ஒத்துக்காது. கைகால் நல்லாத்தானே இருக்கு, சம்பாதிக்கலாமேன்னு பழைய சம்பளத்தையே வச்சுத் தொகையைப் போடுவாங்க. உங்க தப்பு இல்லாம வேலை போகணும். கம்பெனியே மூடிட்டாங்கன்னு வைங்க, அது வேற விஷயம். அப்பவும் சும்மா உக்காந்திருக்கக் கூடாது. உடனே மனு போடணும், வேற வேலை தேடறேன்னு காட்டணும். மனு போடற வரைக்கும் பழைய தொகை பாக்கியா ஏறிக்கிட்டேதான் இருக்கும்."

உதாரணத்துக்குத்தான் சொன்னார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை, அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

இஸ்திரி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் எல்லோருக்கும் சீனியர். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தால், "கொஞ்சம் குனி தம்பி, அந்த மூஞ்சிக்கு ஒரு இஸ்திரி போட்டு விடறேன்" என்பார். வாய்தான் அப்படி, மனசு வெள்ளை. அவர் புருஷனும் பிரிந்து போனவர். போனவர் போனவர்தான்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார்: "நீ பரவாயில்ல தம்பி. சண்டை வேற, புள்ள வேறன்னு பணம் ஒழுங்கா போய்ச் சேருது. எங்காளு இருக்காரே, வேலை போச்சு வேலை போச்சுன்னே, காசே குடுக்காம ரெண்டு புள்ளைங்களையும் வளத்துட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது.

சனிக்கிழமை மதியத்தோடு கூடம் மூடும். மறுநாள் விடுமுறை. அன்று கடைசி ஈடாக மசாஜ் பார்லர் துண்டுகளை உலர்த்தினேன். மெஷினை ஆறவிடவில்லை. கை பொறுக்காத சூட்டில் வாரியெடுத்து மடித்து, இறுக்கி அடுக்கி, தள்ளுவண்டியில் வைத்து, வண்டியைத் துணி அலமாரிக்கு அடியில் தள்ளினேன். மேலே ஈரமில்லாத போர்வைகளைப் போட்டு மூடினேன். மடிப்பெல்லாம் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. அவ்வளவுதான் நான் செய்தது.

சாயங்காலம் முதலாளி போனில் அழுதார். கூடம் போய்விட்டது என்றார். அக்காவும் போய்விட்டார் என்றார். திங்கட்கிழமை தர வேண்டிய மேசை விரிப்புகளை முடிக்க, கூடுதல் கூலிக்காக இஸ்திரி அறையில் தங்கியிருந்தாராம். தூங்கிப் போயிருப்பார், புகைதான் முதலில் மூச்சில் ஏறியிருக்கும், வலி தெரிந்திருக்காது என்றார்கள். அதை நானும் எனக்கு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். சோற்றில் கை வைத்தால் புகை நாறுகிறது. கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிந்துவிட்டது, பாருங்கள்.

விசாரிக்க வந்தவர்களுக்கு எரிந்த இஸ்திரிப் பெட்டி கிடைத்தது. அந்தம்மா பெட்டியை அணைக்க மறக்கிற ஆளா என்று என்னிடம் கேட்டார்கள். அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. வெளியே போகும்போது இரண்டு தடவை திரும்பி வந்து பார்ப்பார்.

"சில நாள் மறந்துடுவாங்க சார். வயசாகுதில்ல" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையால் தப்பு அவருடையது என்று ஆனது. அவருடைய பிள்ளைகளுக்கு வர வேண்டிய நஷ்டஈடு நின்றுபோனது. தீ வைத்ததைக்கூட எனக்கு நானே ஏதேதோ சொல்லி மூடி மறைத்தேன். இதை மறைக்க முடியவில்லை. நான் பாவி. இதைச் சொல்லும்போது வாய் கூசுகிறது.

மனு போட்டேன். கம்பெனி இல்லை, என் தப்பும் இல்லை என்று கோர்ட் ஏற்றுக்கொண்டது. வேறு வேலை கிடைக்கும்வரை தொகையைக் கால்வாசியாகக் குறைத்தார்கள். என் மனைவி எதிர்த்துப் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் எதிர்க்கவில்லை. வெளியே வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்க அக்கா இறந்துட்டாங்களாமே. ரொம்ப இளைச்சிட்டீங்க. பணத்த நினைச்சு மனச விட்டுடாதீங்க. நான் ராத்திரி ஷிப்டும் கேட்டு வாங்கிட்டேன், சமாளிச்சுக்குவேன். பொண்ணு உங்களுக்காக சாமி கும்பிடறா."

திரும்பி வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. அந்த யோசனையே அவளுக்கு இல்லை. கைப்பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் நேராக இங்கேதான் வந்தேன்.

அவர் உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது என்று நீங்களே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். எழுதாதீர்கள். பின்வாசல் வழியாக வெளியே வந்தபோது அவருடைய செருப்பு அங்கே கிடந்தது. இடது வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு, வேறு யாருடையதும் இல்லை. அக்கா, கிளம்புங்க என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் வெளியே வருவார், போகிற போக்கில் வண்டியைத் தொட்டுப் பார்ப்பார், சூடு தெரிந்ததும் என்னைத் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிடுவார். அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும், எனக்கு ஒரு வாரம் வீணாகும்.

எதிர்க் கடையில் டீ வாங்கிக் குடித்தபடி பின்வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வெளியே வரவில்லை. பஸ் வந்தது, ஏறினேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. மகள் வந்தால் அவள் கட்டிலை எந்தச் சுவரோரம் போடலாம் என்று யோசித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன்.