ஒரே ஆளோட ரெண்டு மூச்சு

ஜெஃப்ரி: ஒரு மூச்சுக்கு இருநூறு ரூவா குடுத்தீக. வாங்கிக்கிட்டு ஊதியாச்சு. வித்த சரக்குக்கு இப்ப வந்து கேள்வி கேட்டா எப்படி, டீச்சரம்மா?

முத்துச்செல்வி: ஒரு சந்தேகம், அண்ணாச்சி. என் ஆராய்ச்சிக்குன்னு சங்கு குளிக்கிறவங்க முப்பது பேர மிஷின்ல ஊதச் சொன்னேன். மூச்சுப் பயிற்சிக்கு முன்ன ஒரு தடவ, மூணு மாசம் கழிச்சு ஒரு தடவ...

ஜெஃப்ரி: ரெண்டுக்கும் என் பேரு இருக்குல்லா.

முத்துச்செல்வி: இருக்கு. மத்தவங்களுக்கு நூறு, இருநூறு மில்லி கூடியிருக்கு. உங்களுக்கு மட்டும் ஒன்றரை லிட்டர்.

ஜெஃப்ரி: உங்க பயிற்சி அப்படி. சந்தோசப்படுவீகளா, அத விட்டுட்டு...

முத்துச்செல்வி: நுரையீரல் என்ன பலூனா? ரெண்டாவது தடவ ஊதினது யாரு?

ஜெஃப்ரி: வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல ஒரு சர்பத்து...

முத்துச்செல்வி: அண்ணாச்சி.

ஜெஃப்ரி: ...கிளைட்டன். என் தம்பி. பாத்தா என்னய மாதிரியே இருப்பான்.

முத்துச்செல்வி: ஏன்?

ஜெஃப்ரி: வள்ளத்துல எனக்கு முடியலேன்னா அவன் ஏறுவான். நோட்டுல என் பேருதான் இருக்கும். ரெண்டு பேரும் சேந்து ஒத்த ஆளு. வள்ளத்துக்குச் சொந்தக்கார சம்மாட்டி ஒருநாளும் கேட்டதில்ல. உங்க நோட்டும் அப்படித்தான்னு...

முத்துச்செல்வி: இது அப்படியில்ல. பேர்டு டி-டெஸ்ட்டுன்னு பேரு. உங்க புது மூச்சுலருந்து உங்க பழைய மூச்சக் கழிக்கணும். அப்படி ஒவ்வொருத்தருக்கும் வர்ற வித்தியாசத்த வச்சுத்தான் பயிற்சி பலிச்சுதான்னு பாக்கணும். உங்க தம்பிக்கிட்டருந்து உங்களக் கழிச்சா என்ன வரும்?

ஜெஃப்ரி: சொத்துத் தகராறு வரும்.

முத்துச்செல்வி: வெளையாடாதீங்க. முடியலேன்னீங்களே... என்ன முடியல?

ஜெஃப்ரி: ...மாடிப்படி ஏறினா இளைக்கு. மூச்சு கொறஞ்சுபோச்சுன்னு உங்க தாள்ல வந்தா சம்மாட்டி என்னயக் கரையில நிறுத்திருவாரு. நாப்பத்திரண்டு வயசுல எனக்கு வேற என்ன வேல தெரியும்? வீட்டுல பிலோமினாவுக்கே தெரியாது. வெக்கமா இருக்கு, டீச்சரம்மா. வெளிய சொல்லிராதீக.

முத்துச்செல்வி: சொல்ல மாட்டேன். ஆனா நீங்க நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதுவரைக்கும் கடல்ல எறங்கக் கூடாது.

ஜெஃப்ரி: போறேன். என்னால உங்க படிப்பு கெட்டுப்போவுமா?

முத்துச்செல்வி: உங்க வரிய மட்டும் எடுத்துருதேன். மிச்ச இருபத்தொம்பது பேர வச்சு எழுதலாம்.

ஜெஃப்ரி: இருபத்தொம்பதா?

முத்துச்செல்வி: ஆமா. ஏன்?

ஜெஃப்ரி: நீங்க ரெண்டாவது தடவ வந்தது மாதா திருவிழாவுக்கு மறுநாள். எங்காளுக பல பேரு பாய விட்டு எந்திரிக்கல. வரிசையில தன்னயும் சேத்து இருபத்திமூணு பேருதான் நின்னோம்னு கிளைட்டன் சொன்னானே.

முத்துச்செல்வி: அவர் சும்மா ஒரு குத்துமதிப்பா...

ஜெஃப்ரி: சங்கு எண்ணுற பய. எண்ணிக்கையில தப்ப மாட்டான். வராதவங்களுக்கு யாரு ஊதினா, டீச்சரம்மா?

முத்துச்செல்வி: ஆராய்ச்சித் தாள் குடுக்க நாலு நாள்தான் இருந்துச்சு. முப்பதுன்னு மொதல்லயே எழுதிக் குடுத்திருந்தேன்...

ஜெஃப்ரி: யாருன்னுதான் கேட்டேன்.

முத்துச்செல்வி: இருபத்திரண்டு, அவங்கவங்க மூச்சு. ஒண்ணு, உங்க தம்பியோடது. ஏழு... யாருமே ஊதல, அண்ணாச்சி. நானா எழுதினேன். ஆக முப்பது.