மாஸ்டரின் வலது கால்

தெரபிஸ்ட்: காலைத் தூக்குங்கன்னா புருவத்தைத் தூக்குறீங்களே மாஸ்டர்.

மாஸ்டர்: தூக்கினேன். நீங்கதான் அந்த நேரம் பார்த்து பைக்குள்ள தலைய விட்டுட்டு இருந்தீங்க.

மனைவி: பதினொரு வாரமா இதே பதில்தான் மேடம். உடைஞ்சது இடுப்பு. வாய்க்கு ஒரு நாள் கூட ஓய்வு இல்ல.

தெரபிஸ்ட்: எலும்பு சேர்ந்தாச்சு, எக்ஸ்ரேல பார்த்தோம். உள்ள வெச்ச பிளேட்டும் நல்லா இருக்கு. அப்புறமும் வாக்கரை விட மாட்டேங்கிறீங்க. நான் குடுத்த சார்ட் எங்க?

மாஸ்டர்: மேஜைல. எல்லாம் டிக் போட்டாச்சு.

தெரபிஸ்ட்: ம்... காலைல பத்து, சாயங்காலம் பத்து... இன்னைக்கு என்ன கிழமை மாஸ்டர்?

மாஸ்டர்: வியாழன்.

தெரபிஸ்ட்: சனிக்கிழமை வரைக்கும் டிக் இருக்கு.

மாஸ்டர்: ...அட்வான்ஸா.

மனைவி: பார்த்தீங்களா? ஊருக்கே வண்டி ஓட்டக் கத்துக்குடுத்த மனுஷன். கள்ள டிக் போடுறதுல இன்னும் எல் போர்டுதான்.

மாஸ்டர்: மேடம், உங்க ஸ்கூட்டரை வாசல்ல குறுக்க நிறுத்தியிருக்கீங்க. வேற வண்டி எப்படிப் போகும்?

தெரபிஸ்ட்: பேச்சை மாத்தாதீங்க. இவர் வேலைக்குத் திரும்பலாமான்னு திங்கக்கிழமை டாக்டர் கேப்பார். நான் எழுதிக் குடுக்கணும். என்ன எழுதட்டும்?

மனைவி: நம்ம டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்தவங்க தினம் போன் பண்றாங்க. அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்லிச் சொல்லி எனக்கே வெக்கமா இருக்கு. பாதிப் பேர் எதிர்த்த ஸ்கூலுக்குப் போயிட்டாங்க. இந்த மாசமும் நீங்க வண்டில ஏறலன்னா போர்டைக் கழட்ட வேண்டியதுதான்.

மாஸ்டர்: கழட்டட்டும்.

மனைவி: என்னது?

மாஸ்டர்: ஒண்ணுமில்ல... வலிக்குதுன்னேன்.

தெரபிஸ்ட்: சரி, இந்த நாற்காலில நேரா உக்காருங்க. தரைல ரெண்டு புஸ்தகம் வெச்சிருக்கேன். வலது கால் நீலப் புஸ்தகத்து மேல இருக்கட்டும். நான் பிரேக்னு சொன்னதும் சிவப்புப் புஸ்தகத்துக்கு மாத்தி அழுத்தணும். அவ்வளவுதான்.

மாஸ்டர்: இது எந்தப் பாடத்துல இருக்கு?

தெரபிஸ்ட்: என் பாடத்துல. பிரேக்.

மாஸ்டர்: புஸ்தகத்தைக் காலால மிதிச்சா பாவம் மேடம்.

தெரபிஸ்ட்: பிரேக்.

மாஸ்டர்: தொண்டை காயுது. கொஞ்சம் தண்ணி...

மனைவி: இப்பத்தான ஒரு சொம்பு குடிச்சீங்க? அழுத்துங்க.

மாஸ்டர்: முடியல.

தெரபிஸ்ட்: முடியலையா, மாட்டேங்கிறீங்களா? முடியலன்னா எந்த இடத்துல பிடிக்குதுன்னு சொல்லணும்... இருங்க, போன் வருது. வெளில போய்ப் பேசிட்டு வரேன். நான் வர்றதுக்குள்ள பத்து தடவை முடிஞ்சிருக்கணும்.

மனைவி: ம், ஆரம்பிங்க. ஒண்ணு.

மாஸ்டர்: எண்ணாத.

மனைவி: நான் ஒண்ணுலயே நிக்கிறேன். நீங்க எப்ப வேணா வந்து சேருங்க.

மாஸ்டர்: உனக்கு என்ன தெரியும்? சும்மா நை நைன்னுட்டு...

மனைவி: ஆமா, எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்களைக் குளிப்பாட்டத் தெரியும், வாக்கரைப் பிடிக்கத் தெரியும், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரத் தெரியும். மிச்சத்தை நீங்க சொல்லுங்க, தெரிஞ்சுக்கிறேன்.

மாஸ்டர்: கதவு சாத்தியிருக்கா?

மனைவி: சாத்தியிருக்கு.

மாஸ்டர்: நான் ஆபீஸ் படியில வழுக்கி விழல.

மனைவி: ம்.

மாஸ்டர்: அந்த பேங்க்ல வேலை பார்க்கிற பொண்ணு ஓட்டிட்டு இருந்துச்சு. மூணாவது நாள் கிளாஸ். திருப்பத்துல பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டரை மிதிச்சிருச்சு. புதுசா பழகுறவங்க பண்றதுதான். எப்பவும் உடனே நான் என் பக்கம் இருக்கிற ரெண்டாவது பிரேக்கை மிதிச்சு நிறுத்திருவேன். அன்னைக்கு... கால் வரல.

மனைவி: வரலன்னா?

மாஸ்டர்: வந்துச்சு. லேட்டா வந்துச்சு. அதுக்குள்ள சுவத்துல இடிச்சாச்சு. அந்தப் பொண்ணுக்கு ஒரு கீறல் இல்ல. நான் பார்க்கலாம்னு இறங்கினேன், இந்த வலது கால் மடங்கி அங்கயே விழுந்தேன். உடைஞ்சது அப்பத்தான். யார்கிட்டயும் சொல்லிராதம்மான்னு அதுகிட்ட கெஞ்சினேன்.

மனைவி: சுவருதான?

மாஸ்டர்: சுவருதான். ஆனா அந்த இடத்தை ஒருத்தர் கைக்குழந்தையோட தாண்டிப் போய் ஒரு நிமிஷம் கூட ஆகல. அடுத்த தடவை சுவரா இருக்காது... எனக்கு பயமா இருக்கு. கால் நல்லாயிருச்சுன்னா போய் உக்காரச் சொல்லுவீங்க. அதான், நல்லாகவே வேண்டாம்னு இருந்துட்டேன்.

மனைவி: இதைச் சொல்ல பதினொரு வாரம்.

மாஸ்டர்: திட்டு. திட்டிக்கோ.

மனைவி: அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்கு உங்களைப் பார்க்க வந்தப்பவே அழுதுட்டே எல்லாத்தையும் சொல்லிருச்சு.

மாஸ்டர்: உனக்குத் தெரியுமா?

மனைவி: மேடத்துக்கும் தெரியும். வேலை இல்லாமயா தரைல புஸ்தகத்தைப் பரப்பிட்டு இருக்காங்க? அந்தப் பக்கம் சதை ரொம்ப நாளாவே பலம் இல்லாம இருந்திருக்காம். ஒழுங்கா செஞ்சா கால் வேகமா வரும், வரலன்னா வேலைக்குப் போகாதீங்கன்னு நானே எழுதிக் குடுப்பேன்னாங்க. எதுவா இருந்தாலும் அவர் வாயால வரட்டும், அதுவரைக்கும் விடாம படுத்துங்கன்னாங்க. படுத்தினேன். எனக்கே அலுத்துப் போச்சு.

மாஸ்டர்: எனக்குச் சமாதானம் சொல்லாத. நேத்து ஜன்னல் வழியா வண்டியப் பார்த்தேன், காத்துல கவர் விலகியிருந்துச்சு. முன்னாடி ஒடுக்கு அப்படியே இருக்கு. அதைப் பார்த்ததுல இருந்து சாப்பாடே இறங்கல.

மனைவி: எந்தப் பக்கம் ஒடுக்கு?

மாஸ்டர்: எந்தப் பக்கமா? வலது பக்கம்... இரு. நாங்க இடிச்சது இடது பக்கமாச்சே.

மனைவி: உங்க ஒடுக்கை எடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. இது என்னுது. போர்டைக் கழட்ட மனசு வரல. நானே நடத்தலாம்னு எதிர்த்த ஸ்கூல்லயே போய் வண்டி ஓட்டப் பழகிட்டு, செவ்வாய்க்கிழமை நீங்க தூங்குறப்ப நம்ம வண்டிய எடுத்தேன்... நேரா வாசல் கேட்டுல இடிச்சுட்டேன். பக்கத்துல பிரேக் மிதிக்க ஆள் இல்ல.