ஒட்டகத்தின் டம்ளர்

இரவு ஒன்றேகால். விடுதிக்குப் போகிற சாலையில் ஈ காக்கை இல்லை. பிளாஸ்க்கை மார்போடு அணைத்தபடி ஒருவர் மட்டும் நடந்துகொண்டிருந்தார்... என் நண்பனின் சித்தப்பா. அப்போது அவர் கல்லூரியில் இரண்டாம் வருடம்.

பிளாஸ்க்கில் இருந்தது பால் சேர்க்காத டீ. அவருக்குக் குடி பிடிக்காது. ஆனால் அதைச் சொன்னால் கூட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். அதனால் மொட்டை மாடியில் எல்லோரும் குடிக்கும்போது, இருட்டோடு இருட்டாகத் தன் டம்ளரில் டீயை ஊற்றிக்கொள்வார். நிறம் ஒன்றுதானே.

"எட்டு ரவுண்டுடா! இது வயிறா, தண்ணித் தொட்டியா?" என்று மெச்சுவார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது.

அறைத்தோழனுக்கு நீளக் கழுத்து. ஒட்டகம் என்றே கூப்பிடுவார்கள். அவன் இவருக்கு ஈடுகொடுத்தே குடிப்பான், டம்ளருக்கு டம்ளர். கண் சொருகும்போது காதருகே வந்து கெஞ்சுவான்.

"மச்சான், நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுறேன்டா."

இவர் சிரித்துவிட்டு அடுத்த டம்ளரை எடுப்பார்.

அன்றைக்கு டீ தீர்ந்துபோய், கடைக்குப் போய் வாங்கி வந்தார். மாடியேறியபோது ஒட்டகம் மல்லாந்து கிடந்தான்.

"மட்டையாயிட்டான், விடு" என்றார்கள். விட்டுவிட்டார். காலையில் தொட்டுப் பார்த்தால்... சில்லென்று இருந்தது.

ஒட்டகம் செத்த எட்டாம் நாள். அறையில் தனியாக உட்கார்ந்து ஒரு வாய் டீ குடித்தார். எதிரே, காலிக் கட்டிலிலிருந்து... மடக். புளித்த சாராய வாடை. இன்னொரு வாய் குடித்தார். மடக்.

"டேய்... இது வெறும் டீடா. அன்னைக்கும் டீதான்டா" என்று விம்மினார்.

பிறகு அதே குரல்...

"நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுறேன்டா."

டீயை விட்டார். தண்ணீர் குடித்தாலும் எதிரே மடக். தண்ணீரையும் விட்டார். மூன்றாம் நாள் மயங்கி விழுந்தவரை மருத்துவமனையில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். சொட்டு... சொட்டு...

நர்ஸ் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தாள். "யாருப்பா இங்க குடிச்சிருக்கிறது?"

பக்கத்துக் கட்டில் காலி. ஆனால் மெத்தை ஆள் நீளத்துக்கு அமுங்கியிருந்தது. இங்கே ஒரு சொட்டு விழ, அங்கே... மடக்.

சித்தப்பா ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். "கழட்டுங்க சிஸ்டர்... நான் நிறுத்தினாத்தான் அவன் நிறுத்துவான்!"

பயந்துபோய் அவள் குழாயைத் திருகி மூடினாள். சொட்டு நின்றது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெருமூச்சு... அப்பாடா என்பதுபோல.