பன்றி, பின்னங்கால்

பன்றியின் மயிரை நீக்கக் கொதிநீரை விடச் சுலபமான வழி கிடையாது. கறிக்கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொதிநீரில் தோலோடு நரம்பு முனைகளும் வெந்துவிடும். அதற்குப் பிறகு வெள்ளிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வெறும் அழுக்குதான் தெரியும்.

கொதிநீரில் போடும் முன்பே என் ஆராய்ச்சிக்கு ஒரு துண்டு தோல் கேட்டேன்.

"துண்டு வெட்டின பன்னிய எவன் வாங்குவான்? பன்னிக்குக் கூச்சம் இருக்கான்னு பாக்கவாம்மா இத்தன வருஷம் படிச்ச?"

பேராசிரியரிடம் சொன்னேன். "தோல்ல கோளாறு இல்ல, உன் கையில கோளாறு. உங்க வீட்ல உனக்கு முன்னாடி யாராவது பேனா புடிச்சிருக்காங்களா?" என்றார். அடுத்த கூட்டத்துக்குள் நரம்பு முனைகளின் படம் காட்டாவிட்டால் என் ஆராய்ச்சிப் பதிவு ரத்து என்றார். ஊரார் வீட்டுத் தரையைத் துடைத்துத்தான் அம்மா என்னை அதுவரை கொண்டுவந்திருந்தாள்.

அம்மாவின் கால்களைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. வருகிறேன்.

அவளுக்குச் சர்க்கரை. செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை என்பாள். நான் அழுவதைப் பார்த்து அவளேதான் காலை நீட்டினாள். "மரத்த கட்டதானடி இது. எடுத்துக்கோ."

மரத்த தோலில் நரம்பு முனை மிஞ்சாது என்பது நான் படித்த பாடம்தான். ஆனாலும் வேறு புதுத் தோலுக்கு எங்கே போவேன்? மரத்த காலுக்கு ஊசி எதற்கு என்று மரப்பு மருந்தும் போடவில்லை. பாதத்தின் ஓரத்தில் பிளேடை வைத்தேன். அம்மா தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாள். ரத்தம் என்றாலே அவளுக்குப் பயம்.

படம் வந்தது. கறுப்பு நூல்களாக நரம்புகள் மேல்தோல் வரை ஏறி நின்றன, ஒன்றுகூட அறுபடாமல். ஸ்லைடில் 'பன்றி, பின்னங்கால்' என்று ஒட்டினேன். இரண்டு தோலும் அவ்வளவு ஒத்திருக்கும்.

பேராசிரியர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். "பன்னி இவ்வளவு அழகுன்னு தெரியாமப் போச்சே. இன்னொரு பன்னியிலயும் இதையே காட்டு, போதும்."

அதனால்தான் அடுத்த கால்.

புண்கள் ஆறவில்லை. சர்க்கரைக்காரிக்கு ஆறாது, அதுவும் பாடத்தில் இருக்கிறது. எலி கடித்தது என்று ஆஸ்பத்திரியில் சாகும்வரை சொல்லியிருக்கிறாள். பாவம், பொய் சொல்லத் தெரியாதவள். எலி இவ்வளவு நேராக வெட்டாது.

அம்மாவுக்கு வலித்திருக்காது, ஐயா. இரண்டாவது காலில் பிளேடை வைத்தபோதும் அப்படித்தான் நம்பினேன். முதல் ஸ்லைடை அதற்குள் பார்த்து முடித்திருந்தேன்.