கணுவுக்கு ஒரு மொட்டு

கொடி ரோஜா வளர்ப்பவர்கள் செய்கிற முதல் தப்பு, அவசரப்பட்டுக் கத்தரியைக் கையில் எடுப்பதுதான். முதல் இரண்டு வருடம் காய்ந்த குச்சியைத் தவிர எதையும் வெட்டக் கூடாது, இன்ஸ்பெக்டர் அம்மா. நிமிர்ந்து வளர்கிற கொடி நுனியில் மட்டும்தான் பூக்கும். அதையே வளைத்துப் படுக்கவைத்துக் கட்டினால், கணுவுக்கு ஒரு மொட்டு விடும்.

பாளையங்கோட்டையில் என் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் அப்படித்தான் கட்டினேன். பக்கத்து வீட்டு ஆவுடைநாயகம் எட்டிப் பார்த்து, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார். "என்ன வே நாறும்பூ, ரோசாவைப் படுக்கப் போட்டுட்டீரு. காய்ச்சலா?" போன கார்த்திகையில் நாற்பது பூ.

என் மகள் சித்ரலேகா ஓட்டக்காரி. நானூறு மீட்டரில் மாவட்டத்திலேயே முதல். எனக்கோ அவள் டாக்டராக வேண்டும். தாயில்லாத பிள்ளை. ஓடாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வெட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஆடியில் சைக்கிளிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. அது தற்செயல், அதை என் பெயரில் எழுத வேண்டாம். ஆறு வாரம் கட்டிலில் கிடந்தாள். வேறு வேலையில்லாமல் படித்தாள். நீட் மாதிரித் தேர்வில் முந்நூற்றுப் பத்து வாங்கிக்கொண்டிருந்தவள் நானூற்றுத் தொண்ணூறு வாங்கினாள். அந்தத் தாளை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாவுக்கட்டைப் பிரித்த இரண்டே மாதத்தில் மறுபடி மைதானத்துக்குப் போய்விட்டாள். மார்க் முந்நூற்று இருபதுக்கு இறங்கியது. தையில் மாநிலப் போட்டி என்று புது ஷூ வேறு.

நான் சண்டை போடவில்லை. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேலே ஏறிவிட்ட கிளையை இழுத்துக் கட்ட வேண்டும் என்று ஏணியைச் சாத்தினேன். அவள்தான் ஏறினாள்.

"அப்பா, ஏணி ஆடுது. நல்லாப் பிடிச்சுக்கிடுங்க."

"பிடிச்சுக்கிட்டுத்தாம்மா இருக்கேன். பைய இன்னும் ரெண்டு படி ஏறு."

"மாநிலத்துல செயிச்சேன்னா இந்தப் பூவைத்தான் மாலையாக் கட்டிப் போடணும், பாத்துக்கிடுங்க" என்று சிரித்தாள்.

கீழே சிமெண்டுத் தரை. பூந்தொட்டிகளை முந்தின நாளே நகர்த்தி வைத்திருந்தேன். தலையில் பட்டுவிடக் கூடாது இல்லையா. ஆவுடைநாயகம் மாடியிலிருந்து பார்த்ததாகச் சொல்லியிருப்பது சரிதான். என் கை வழுக்கவில்லை. ஏணியை இழுத்தேன்.

ஒரு கால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். முதுகெலும்பு என்கிறார் டாக்டர். இனி நடக்க மாட்டாள் என்கிறார்.

பாடப் புத்தகங்களை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்த் தலைமாட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன். பதினொரு நாளாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியபடியே கிடக்கிறாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒரு வார்த்தை பேசுவதில்லை.

மனப்பாடம் செய்கிறாள் போலிருக்கிறது. தொந்தரவு செய்யாமல் வந்துவிட்டேன்.