தைக் குளிரில் கூடு மாற்றம்

செவ்வந்தி: வேணாம் மாமா, கூடைய கீழ வைங்க. வெளிய பனி இன்னும் வெலகவே இல்ல...

வேடியப்பன்: மணி பத்தாவுது. வெய்யில் வந்துட்ச்சி பாரு.

செவ்வந்தி: எங்க வெய்யில்? எதிர் வூட்டுக் கூரையே தெரில.

வேடியப்பன்: வரும். நீ கதவத் தொற.

செவ்வந்தி: ஏழு வாரக் கோழிக்குஞ்சுங்க மாமா. பொறந்ததுலருந்து ரூமுக்குள்ள பல்பு சூட்டுல கெடந்துதுங்க. திடுதிப்புனு கொண்டுபோயி குளிர்ல...

வேடியப்பன்: பல்ப அணைச்சி ஆறு நாளாச்சி.

செவ்வந்தி: ஆறு நாளா? நான் கரண்ட்டு தான் போயிப் போயி வருதுன்னு...

வேடியப்பன்: நான் தான் அணைச்சேன். மொதல்ல பகல்ல. அப்பறம் விடிகாலைல. பழக்கணும் இல்ல? ஒண்ணாச்சும் சுருண்டுச்சா?

செவ்வந்தி: இல்ல... ஆனா...

வேடியப்பன்: றெக்கையத் தூக்கிப் பாரு. அடியில பஞ்சே இல்ல. முழு எறகு.

செவ்வந்தி: இந்தச் செவப்புக்கு வயித்துல இன்னும் பஞ்சு கீது, பாருங்க.

வேடியப்பன்: அது சும்மா ஒட்டிக்கினு கீது. ஊதுனா போயிடும்.

செவ்வந்தி: இன்னும் ரெண்டே வாரம் மாமா. தை பாதி தாண்டட்டும். போன வருஷம் இதே மாதிரி நாலு குஞ்சு வெறச்சி செத்துப்போச்சே... அவரு உள்ளங்கைல வச்சிக்கினு ஊதி ஊதிப் பாத்தாரே...

வேடியப்பன்: அப்போ கூடு தரையில இருந்துச்சி. தரை ஈரம் ஏறிப்போச்சி. இப்ப வந்து பாரு, நாலு கல்லு வச்சித் தூக்கிட்டேன். உள்ள சாமை வைக்கோல் ஒரு சாண் ஒசரம்.

செவ்வந்தி: இதெல்லாம் எப்போ பண்ணீங்க?

வேடியப்பன்: நேத்து நீ வெறவுக்குப் போனப்ப.

செவ்வந்தி: கோணி கூட கட்டிட்டீங்க... மேல இன்னாத்துக்கு எடம் வுட்டு வச்சிருக்கீங்க? காத்து பூந்துடாதா?

வேடியப்பன்: காத்து அடிக்கிற பக்கம் முழுசா மூடியாச்சி. மேல நாலு வெரலு வுடணும். இல்லன்னா அதுங்க மூச்சே தண்ணியா எறங்கி எறகெல்லாம் நனைஞ்சிடும். குளிர் கொல்லாது, ஈரம் தான் கொல்லும்.

செவ்வந்தி: யாரு சொன்னா?

வேடியப்பன்: வெற்றிவேல் தான்... எம் மவன் சொல்லிக்கினே இருப்பான். அப்போ காதுல வாங்கல.

செவ்வந்தி: கூடையத் தொறக்கட்டா?

வேடியப்பன்: குடு. மொதல்ல மூணக் குடு.

செவ்வந்தி: இந்தாங்க... மெதுவா. கால அழுத்தாதீங்க.

வேடியப்பன்: போ கண்ணு, உள்ள போ... பாத்தியா, நேரா மூலைக்கு ஓடுது.

செவ்வந்தி: பயந்துக்கினு ஓடுது.

வேடியப்பன்: மத்ததுங்க வந்துட்டா ஒட்டி உக்காந்துக்கும். ஒண்ணு சூடு இன்னொண்ணுக்கு... அவ்ளோ தானா?

செவ்வந்தி: பதினாலும் ஆச்சி. அந்தக் கம்பிய இன்னும் ஒரு சுத்து சுத்துங்க. காட்டுப்பூனை கை வுட்டு இஸ்துடும்.

வேடியப்பன்: சுத்திட்டேன்... காலைல இதுங்களுக்கு எத்தினி புடி போடுவ?

செவ்வந்தி: எதுக்கு? நான் தானே போடப்போறேன்.

வேடியப்பன்: சும்மா கேட்டேன்.

செவ்வந்தி: நாலு புடி சாமை, நொய்யா இடிச்சி. தண்ணி வெதுவெதுன்னு வைக்கணும். சாயங்காலம் அஞ்சுக்கெல்லாம் அடைச்சிடணும், மறந்துடாதீங்க.

வேடியப்பன்: நான் எதுக்கு மறக்கணும்? நீ தானே அடைக்கப்போற?

செவ்வந்தி: ...சொல்லி வச்சேன்.

வேடியப்பன்: ம்.

செவ்வந்தி: மாமா... ஒண்ணு கேக்கட்டா? உள்ள சர்க்கரை ஒரு கிலோ கீது. பிஸ்கட்டு மூணு பாக்கெட்டு. நமக்கு எதுக்கு அவ்ளோ?

வேடியப்பன்: கடையில இருந்துச்சி, வாங்கினேன்.

செவ்வந்தி: நீங்க வெல்லத்த தவிர தொடமாட்டீங்க. இப்ப குஞ்சுங்க கெடந்த ரூம வேற இன்னைக்கே சாணி போட்டு மொழுவணும்ங்கிறீங்க. யாரு வர்றா?

வேடியப்பன்: ...ஒங்கப்பன்.

செவ்வந்தி: அப்பாவா?

வேடியப்பன்: நாளைக்கு. காலை பஸ்சுல. கூட இன்னொருத்தரு. கலையரசன்னு பேரு. அமிர்தி ஊர்ல மரக்கன்னு வளக்கிற எடத்துல வேல. நான் தான் ஒங்கப்பனுக்கு போன் போட்டேன். யாரும் என்னைக் கேக்கல. நானா தான் ஒன் கல்யாணப் பேச்ச எடுத்தேன்.

செவ்வந்தி: நீங்களா... அவர நீங்க பாத்தீங்களா?

வேடியப்பன்: முட்டிவலிக்கு மருந்து வாங்கணும்னு போனேனே, போன வெள்ளிக்கெழம...

செவ்வந்தி: மருந்து?

வேடியப்பன்: வாங்கல. அவரு பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிட்டு வந்துட்டேன். பீடி இல்ல, குடி இல்ல. ஒண்ணே ஒண்ணு தான் என்னைக் கேட்டாரு. அவங்களுக்கு இன்னா புடிக்கும்னு.

செவ்வந்தி: நீங்க இன்னா சொன்னீங்க?

வேடியப்பன்: முழிச்சேன். மூணு வருஷமா ஒரே வூட்ல கஞ்சி குடிக்கிறோம்... ஒனக்கு இன்னா புடிக்கும்னு எனக்குத் தெரிலயே. எம் மருமவ கோழி நல்லா வளக்கும்னு மட்டும் சொன்னேன்.

செவ்வந்தி: மாமா...

வேடியப்பன்: புளி உலுக்கலாம் வாடான்னு வெற்றிவேல மரத்தாண்ட கூட்டிக்கினு போனவன் நான். அவன் உழுந்து உசுர வுட்ட எடத்த தெனமும் தாண்டித் தான் நீ தண்ணிக்குப் போற. பதினோரு மாசம்... என்னை ஒரு வார்த்த சொன்னதில்ல. இதுக்கு மேல ஒன்னை இங்க வச்சிக்கினா நான் மனுசனே இல்ல.

செவ்வந்தி: கெளை காஞ்சி கீது, எறங்குடான்னு நீங்க கத்துனீங்க. அவரு தான் கேக்கல.

வேடியப்பன்: ஒனக்கு... அது கேட்டுச்சா?

செவ்வந்தி: வூடு வரைக்கும் கேட்டுச்சி... ஒக்காருங்க. இந்தக் கல்லு மேல ஒக்காருங்க மாமா.

வேடியப்பன்: ஒண்ணுமில்ல... மாசில வருஷம் திரும்பிடும். மத்ததெல்லாம் அதுக்கப்பறம் தான். நாளைக்கு சும்மா பாத்துட்டுப் போவட்டும். திட்டணும்னா திட்டும்மா. வூட்ட வுட்டுத் தொரத்தறேன்னு நெனைக்கிறியா?

செவ்வந்தி: நீங்க தனியா இருப்பீங்களே...

வேடியப்பன்: இருப்பேன்.

செவ்வந்தி: சோறு வடிக்கத் தெரியாது.

வேடியப்பன்: கஞ்சி காய்ச்சத் தெரியும்.

செவ்வந்தி: போன தடவ அடி புடிச்சி சட்டிய மண்ணு போட்டுத் தேய்ச்சது யாரு?

வேடியப்பன்: நீ தான்... இனிமே நான் தேய்ச்சிக்கிறேன். மொகத்த எதுக்குத் திருப்பிக்கிற? அழுவுறியா? ஒனக்கு இஷ்டம் இல்லன்னா சொல்லு, இப்பவே போன் போட்டு வர வேணாம்னுடறேன்.

செவ்வந்தி: போடாதீங்க மாமா... போன ஞாயித்துக்கெழமையே அப்பா எனக்கு போன் பண்ணிட்டாரு. நீங்க தான் பேச்ச எடுத்தீங்கன்னு அவரு சொல்லல. அமிர்தில ஒருத்தரு, இன்னா சொல்றன்னாரு... நான் சரின்னுட்டேன். ஒங்க மொகத்தப் பாத்து சொல்ல மட்டும் எனக்கு வாய் வரல.